இதயத்தைச் சுற்றி நீர் கட்டினால் என்ன நடக்கும்?

எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன், எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் என்னவாம் என்று கேட்டால், பலருடைய பதில் “நெஞ்சில நீராம்” என்பதோடு முடிந்துவிடும். நெஞ்சில் எங்கே என்று கேட்டால் தெரியாது. அவர்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லியிருக்கவும் மாட்டார்கள், வாசலில் அத்தனை பேர் துண்டோடு நிற்கும்போது டொக்டருக்கும் எங்கே நேரம். ஆனால் எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் நெஞ்சுக்குள் நீர் சேரக்கூடிய இடங்கள் மூன்று. நுரையீரலுக்கு உள்ளேயே ஊறி, படுத்தால் மூச்சு முட்டவைப்பது ஒன்று. இதயம் பலவீனமானவர்களுக்கு வருவது பெரும்பாலும் இது. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் தேங்குவது இன்னொன்று. ஆளை முன்னுக்குக் குனிந்து இருக்கச் சொல்லி முதுகுப் பக்கமாக ஊசி போட்டு இழுப்பார்களே, அது இதற்குத்தான். மூன்றாவது, இதயத்தை மூடியிருக்கும் உறைக்குள் சேர்வது. கிளினிக் கொப்பியில் ‘பெரிகார்டியல் எஃபியூஷன்’ என்று எழுதியிருந்தால் இந்த மூன்றாவதுதான். மூன்றுக்கும் வைத்தியம் வேறு, ஒன்றுக்கு நல்லது செய்கிற மருந்து மற்றதில் ஆளையே விழுத்திவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த உறை. பெரிகார்டியம் என்கிற இது இரண்டு படை கொண்டது. உள்படை மெல்லியது, இதயத்தோடு ஒட்டியே கிடக்கும். வெளிப்படை தடித்த நார். கீழே பிரிமென்றகட்டோடும் மேலே பெரிய குருதிக்குழாய்களோடும் பிணைந்து இதயத்தை அதன் இடத்தில் வைத்திருக்கும். இரண்டு படைக்கும் நடுவில் எல்லோருக்குமே கொஞ்சம் நீர் உண்டு, 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை, அதாவது ஒரு மேசைக்கரண்டியிலிருந்து மூன்றுக்குச் சற்று மேல். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிற இதயம் உறையோடு உரஞ்சாமல் இருக்க அது வேண்டும். ஆகவே நீர் இருக்கிறது என்பதே வருத்தம் அல்ல. ரிப்போர்ட்டில் மிகச் சிறிதளவு என்று இருந்து, உங்களுக்கும் ஒரு சுகயீனமும் இல்லையென்றால், டொக்டர் சும்மா விட்டுவிட்டாரே என்று மனதைப் போட்டுக் குழப்பத் தேவையில்லை.

வெளிப்படை நார் என்றேன். திடீரென்று தள்ளினால் அது விரியாது, ஆனால் கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தள்ளினால் விரிந்து கொடுக்கும். இந்த வருத்தத்தில் வருகிற முக்கால்வாசிக் குழப்பத்துக்கு இந்த ஒரு குணம்தான் காரணம். நெஞ்சில் காயம் பட்டோ, பெருநாடி கிழிந்தோ 150, 200 மில்லிலீற்றர் இரத்தம் சில நிமிடத்தில் உறைக்குள் இறங்கினால் அதுவே உயிரை எடுக்கப் போதும். அதே உறைக்குள் தைரொயிட் குறைபாட்டாலோ காசநோயாலோ மாதக்கணக்கில் ஒரு லீற்றருக்கு மேல் சேர்ந்தும், கொஞ்சம் களைப்புத்தான் என்று சொல்லிக்கொண்டு மனுசன் வயலுக்குப் போய்வருவார். பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒரு லீற்றர் எடுத்தார்களாம், எனக்குக் கால் லீற்றர்தானாம், அப்படியென்றால் எனக்குச் சின்ன வருத்தம் என்று கணக்குப் போடுவது அதனால்தான் பிழை. எவ்வளவு கெதியாகச் சேர்ந்தது, இதயம் நிரம்புவதற்கு இன்னும் இடம் விட்டிருக்கிறதா என்றுதான் டொக்டர் பார்க்கிறார்.

மெல்லச் சேர்ந்தால் பயமில்லை என்றும் இல்லை. உறை விரிவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு வந்த பிறகு இன்னும் கொஞ்ச நீர் சேர்ந்தாலும் உள்ளழுத்தம் விறுவிறு என்று ஏறும், போன கிழமை சந்தைக்குச் சைக்கிளில் போன ஆள் இந்தக் கிழமை கிணற்றடிக்கு நடக்க முடியாமல் இருந்துவிடுவார். இதற்கு ஒரு நல்ல மறுபக்கமும் இருக்கிறது: அந்த நேரத்தில் முதல் 50, 100 மில்லிலீற்றரை வெளியே எடுத்ததுமே ஆளுக்கு மூச்சு வரும், மிச்சத்தை ஆறுதலாக எடுக்கலாம்.

அழுத்தம் ஏறினால் இதயத்துக்கு என்ன நடக்கிறது? இதயம் என்றால் நாங்கள் இறைப்பதைப் பற்றித்தான் நினைக்கிறோம், அது நிரம்பவும் வேண்டும் என்பதை நினைப்பதில்லை. சிறுபோகத்தில் வாய்க்கால் கரையில் மெசினை வைத்து இறைக்கிறீர்கள், என்ஜின் நல்லாத்தான் ஓடுகிறது, ஆனால் தண்ணீரை உறிஞ்சுகிற குழாய்க்கு மேல் யாரோ ட்ரக்டர் சில்லை ஏற்றி நிற்பாட்டிவிட்டார்கள் என்றால் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. என்ஜினைக் கழற்றிப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை, சில்லை எடுக்கவேண்டும். இதயத்தில் முதலில் நசிபடுவது வலது சோணையறையும் வலது இதயவறையும், ஏனென்றால் அவற்றின் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. உடம்பிலிருந்து திரும்பி வருகிற இரத்தத்துக்கு உள்ளே போக வழியில்லாமல் அது பின்னால் தேங்கும்: கழுத்து நாளம் புடைக்கும், ஈரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே பாரமாக நோகும், நாள்பட்டால் கால் வீங்கும். முன்னால் போகிற இரத்தம் குறைவதால் பிறசர் இறங்கும், கைகால் சில்லிடும், சலம் குறையும், தலை சுற்றும், ஆள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கதைக்கத் தொடங்குவார். நாடி படபடவென்று ஓடும். ஒரு துடிப்பில் போவது குறைந்ததை, துடிப்பைக் கூட்டி ஈடுகட்ட இதயம் படுகிற பாடு அது. இந்த நிலைக்கு டம்பொனாட் என்று பெயர், இந்த வருத்தத்தின் சிக்கல்களில் மணிக்கணக்கில் ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். இங்கிலாந்து வைத்தியர் ரிச்சர்ட் லோவர் 1669இலேயே, சுற்றியிருக்கும் நீர் அமத்துவதால் இதயம் விரிந்து இரத்தத்தை வாங்க முடியாமல் போகிறது என்று எழுதிவிட்டார். அதைக் கண்ணால் பார்க்க ஒரு கருவி வர இன்னும் முந்நூறு வருசம் ஆனது.

1935இல் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் குளோட் பெக் மூன்று அடையாளங்களை ஒன்றாகக் கட்டிச் சொன்னார்: பிறசர் குறைவது, கழுத்து நாளம் புடைப்பது, ஸ்டெதஸ்கோப்பில் இதயச் சத்தம் மங்கிக் கேட்பது. வைத்திய மாணவர்கள் இன்றைக்கும் பாடமாக்குவது இதைத்தான். ஆனால் கெதியாகச் சேர்ந்தவர்களிடம்தான் மூன்றும் சேர்ந்து வரும். மெல்லச் சேர்ந்தவர்களிடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், ஏற்கனவே பிறசர் வருத்தம் உள்ளவரென்றால் டம்பொனாட்டிலும் பிறசர் கூடிக்கூட இருக்கலாம், பிறசர் நல்லாயிருக்கு என்று திருப்பி அனுப்பப்பட்டுவிடுகிற ஆபத்து இங்கேதான்.

நான் பார்க்கப் பிடிக்கிற பரிசோதனை வேறொன்று. பிறசர் பட்டியைக் கையில் சுற்றி, காற்றை வழமையைவிட மிக மெதுவாக இறக்குவார்கள், நோயாளி சாதாரணமாக மூச்செடுத்தபடி இருப்பார். முதலில் சத்தம் மூச்சை வெளியே விடும்போது மட்டும் கேட்கும், உள்ளே இழுக்கும்போது காணாமல் போகும். அந்த இலக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் இறக்கினால், இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம் விடாமல் கேட்கத் தொடங்குகிற ஓர் இடம் வரும். இரண்டு இலக்கத்துக்கும் உள்ள இடைவெளி 10 மில்லிமீற்றர் பாதரசத்தைத் தாண்டினால் டம்பொனாட் இருக்கலாம் என்று காது கூர்மையாகும். காரணம் இதுதான்: மூச்சை உள்ளே இழுக்கும்போது எல்லோருக்கும் இதயத்தின் வலது பக்கத்துக்கு இரத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும். வழமையாக அது வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கும். இங்கே உறை விடாது, ஆகவே நடுச்சுவர் இடது பக்கம் தள்ளுப்பட்டு, இடது பக்கம் நிரம்புவது குறைந்து, அந்தத் துடிப்பில் பிறசர் விழுகிறது. கடுமையான ஆஸ்மாவிலும் இதைக் காணலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டார்கள். பட்டனை அமத்தினால் தானாக இலக்கம் காட்டுகிற வீட்டு மெசினில் இதைப் பார்க்க முடியாது, முயற்சிக்கவும் வேண்டாம்.

நோயாளி உணர்வது என்ன? நடந்தால் இளைப்பு. நிமிர்ந்து படுத்தால் முட்டும், முன்னுக்குக் குனிந்து, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தால் சுகம். உறை அழற்சியில் வருகிற நெஞ்சு நோவும் இப்படித்தான், படுத்தாலும் ஆழமாக மூச்செடுத்தாலும் குத்தும், குனிந்தால் குறையும். இதைவிட யாரும் இதயத்தோடு முடிச்சுப் போடாத அறிகுறிகளும் உண்டு. பெருத்த உறை பக்கத்தில் உள்ளவற்றை நெருக்கும்: உணவுக்குழாயை நெருக்கினால் சோறு இறங்கக் கஷ்டம், நரம்பை நெருக்கினால் நிற்காத விக்கல் அல்லது குரல் கம்மல், மூச்சுக்குழாய்ப் பக்கம் என்றால் வறட்டு இருமல். “ஒரு மாதிரி அந்தரமாக் கிடக்கு” என்று மட்டும் சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் சனத்துக்கு இதெல்லாவற்றுக்கும் கைவசம் ஒரு பெயர் இருக்கிறது, வாய்வு. உள்ளி அவித்துக் குடித்து, இஞ்சி குடித்து, சோடா குடித்து ஒரு கிழமை போய்விடும்.

இனி அந்தக் குளிசைக் கதை. கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றதும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடக்கிற கதை இப்படித்தான் இருக்கும்.

“அக்கா, இவருக்குக் காலெல்லாம் வீங்கிப்போச்சு, படுக்கவும் ஏலாதாம்.”

“எங்கட அம்மாவுக்கும் உப்பிடித்தான் பிள்ளை. சலம் போற குளிசை குடுத்தவை, ரெண்டு நாளில வத்திட்டுது. மிச்சம் கிடக்கு, தாறன், காலமை ஒண்டு போடச் சொல்லு.”

அம்மாவுக்குக் கொடுத்தது சரிதான், அவருக்கு இருந்தது இதயப் பலவீனம், இரத்தம் மிதமிஞ்சித் தேங்கியிருந்தது, ஃபுரோசமைட் சலத்தைப் போக்கி அதை இறக்கியது. உறைக்குள் நீர் கட்டியவருக்கும் வெளியே பார்த்தால் அதே கால் வீக்கம், அதே கழுத்து நாளம், அதே இளைப்பு. ஆனால் அவருடைய இதயம் நசிபட்டுக்கொண்டே கொஞ்சமாவது நிரம்புகிறதென்றால், பின்னால் நாளத்தில் தேங்கி நிற்கிற அந்த அழுத்தம் உள்ளே தள்ளுவதால்தான். சலக் குளிசை அதைக் குறைத்துவிடும். உறைக்குள் இருக்கிற நீரோ இம்மியும் அசையாது. பிறகு பிறசர் விழும், ஆள் மயங்கி விழுவார். நெஞ்சு நோவென்றால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையும் நாளங்களைத் தளர்த்தி இதே வேலையைச் செய்யும். அதனால்தான் டம்பொனாட் வந்தவருக்கு ஆஸ்பத்திரியில், கால் வீங்கியிருக்கும்போதே சேலைன் ஏற்றுவதைக் காணலாம். என்ன கூத்து இது என்று மிஸ்ஸியோடு சண்டை பிடிக்கவேண்டாம், சிலருக்கு ஊசி போட்டு நீரை எடுக்கும்வரை நேரத்தை ஓட்டுவதற்கு அதுவும் ஒரு வழி. அக்கம்பக்கத்தில் குளிசை மாற்றுவது எங்கள் ஊர்களில் அன்பின் அடையாளம், எனக்கும் அது விளங்குகிறது, ஆனால் சலம் போகிற குளிசையை மட்டுமாவது அந்த அன்புக்கு வெளியே வையுங்கள்.

டொக்டர் இதையும் அதையும் எப்படிப் பிரித்தறிகிறார்? ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தால் இதயப் பலவீனத்தில் நுரையீரல் அடியில் நீர்ச் சத்தம் கேட்கும், டம்பொனாட்டில் நுரையீரல் பெரும்பாலும் துப்புரவாக இருக்கும். ஈ.சி.ஜியில் கோடுகள் குட்டையாகிவிடும். சிலவேளை ஒரு துடிப்பு உயரம், அடுத்தது குட்டை என்று மாறிமாறி வரும், நிறைய நீருக்குள் இதயம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுவதால் வருவது அது. எக்ஸ்ரேயில் இதய நிழல் பெருத்துத் தெரிய 200 மில்லிலீற்றருக்கு மேலாவது சேர்ந்திருக்க வேண்டும், ஆகவே கெதியாகச் சேர்ந்தவரின் எக்ஸ்ரே நல்லாகவே இருக்கும், அதை நம்பி வீட்டுக்குப் போகக்கூடாது. கடைசியில் தீர்ப்புச் சொல்வது எக்கோதான். சுவீடனில் எட்லரும் ஹேர்ட்ஸும் 1953இல் ஒலியலையால் இதயத்தைப் பார்த்தார்கள், 1965இல் அமெரிக்காவில் ஃபைகன்பௌம் அதே வழியில் உறைக்குள் இருக்கும் நீரைக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரியும். அதன் தடிப்பு 10 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சிறிது, 10 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரிது. உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிற மில்லிமீற்றர் இதுதான். ஆனால் அந்த இலக்கத்துக்குப் பக்கத்தில், வலது பக்க அறைகளின் சுவர் உள்ளே மடிகிறதா இல்லையா என்றும் ஒரு வரி இருக்கும், நான் என்றால் முதலில் அதைத்தான் வாசிப்பேன்.

நீர் ஏன் சேர்கிறது என்பதற்குக் காரணம் ஒரு கட்டு. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வருவது, எஸ்.எல்.ஈ போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள், தைரொயிட் குறைபாடு, மாரடைப்புக்கோ இதய ஒப்பரேசனுக்கோ பிறகு வருவது, நுரையீரல், மார்பகப் புற்றுநோய்கள் பரவி வருவது. கடைசியாகச் சொன்னதில் நீர் எடுத்தாலும் திரும்பத் திரும்பக் கட்டும். இவற்றை ஓடிப்போகிறேன், ஏனென்றால் வன்னியில் இருக்கிறவர் இன்னும் இரண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம், அதற்கு மேல் சலரோகத்தாலும் பிறசராலும் சிறுநீரகம் பழுதானவர்கள். கழிவு இரத்தத்தில் கூடிக்கொண்டு போனால் இதய உறை அழலும், நீர் சுரக்கும், அந்த நீரில் இரத்தமும் கலந்திருக்கும். டயலிசிஸ் தொடங்காதவர் என்றால் அதைத் தொடங்குவதும், செய்கிறவர் என்றால் கூட்டுவதும்தான் முதல் வைத்தியம். டயலிசிஸில் இருக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மெசினில் ஏறியதும் வழமையில்லாமல் பிறசர் விழத் தொடங்கினால், அதுவும் தொடர்ந்து ஒவ்வொரு முறையும் விழுந்தால், உறைக்குள் நீர் இருக்கிறதா என்று எக்கோவில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெப்பாரினை அந்த நாட்களில் தவிர்ப்பார்கள், உறைக்குள் கசிவு கூடிவிடும் என்பதால். பஸ் காசுக்கும் ஒருநாள் கூலிக்கும் கணக்குப் பார்த்து டயலிசிஸைத் தவறவிடுகிறவர்களிடம் இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது கசம், ரீ.பி. நுரையீரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம், அது இதய உறைக்கும் போகும். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவு, அதோடு இளைப்பு என்று மெல்ல மெல்ல வரும். இருமலே இல்லாமலும் வரும், சளியில் கிருமி தெரியாமலும் இருக்கும். எடுத்த நீரைச் சோதித்து, மற்ற அடையாளங்களையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். மருந்து ஆறு மாதம், மாவட்டத்து மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். ரிஃபாம்பிசின் போடத் தொடங்கியதும் சலம் செம்மஞ்சளாகப் போகும், இரத்தம் என்று பயந்து நிற்பாட்டிவிடாதீர்கள்.

வன்னிக்கே உரிய மூன்றாவது ஒன்றையும் சொல்லவேண்டும். 2009இல் முடிந்த யுத்தத்தில் செல் துண்டு பட்டு, எடுத்தால் ஆபத்து என்று உள்ளேயே விடப்பட்டு, அதோடு வாழ்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதயத்துக்குப் பக்கத்தில் கிடக்கிற துண்டு அரிதாக வருசங்கள் கழித்தும் உறையை அழற்றலாம். அதைவிட முக்கியம் எம்.ஆர்.ஐ. உறையின் தடிப்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ எழுதினால், உடம்பில் இரும்பு இருக்கிறது என்பதை நீங்களே முதலில் சொல்லவேண்டும், அந்த மெசினின் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். கேட்டால் சொல்வம் என்று இருக்கவேண்டாம். அவர்கள் எக்ஸ்ரே எடுத்து எங்கே கிடக்கிறது என்று பார்த்து, தேவையென்றால் சீ.ரீ ஸ்கேனுக்கு மாற்றிவிடுவார்கள்.

நீர் எடுப்பதைக் கேட்டாலே பயப்படுகிறார்கள், “இதயத்தில ஊசியாம்!” ஊசி இதயத்தில் இல்லை, உறையில். ஆளைச் சாய்வாக இருத்தி, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழேயோ இடது விலா இடுக்கிலோ நீர் எங்கே தோலுக்குக் கிட்ட இருக்கிறதென்று எக்கோவில் பார்த்து, அந்த இடத்தை மரக்கவைத்து, நீளமான ஊசியை உறிஞ்சியபடியே மெல்ல உள்ளே விடுவார்கள். நீர் வந்ததும் ஊசிக்குள்ளால் ஒரு கம்பி, கம்பிக்கு மேலால் ஒரு மெல்லிய குழாய், பிறகு ஊசி வெளியே. குழாய் ஓரிரு நாள் கிடந்து ஒரு பைக்குள் வடியும். 1840இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் ஷூ இதைச் செய்தபோது குத்துமதிப்புத்தான். 1979 முதல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எக்கோவைப் பார்த்துக்கொண்டே செய்யத் தொடங்கிய பிறகு ஆபத்து நன்றாகக் குறைந்துவிட்டது. குறைந்தது என்றேன், இல்லை என்று சொல்லவில்லை: இதயவறையிலோ இதயக் குருதிக்குழாயிலோ ஈரலிலோ ஊசி படலாம், நுரையீரலில் பட்டுக் காற்றுக் கசியலாம், துடிப்பு தாறுமாறாகலாம், கிருமி போகலாம். நிறைய நீரை ஒரேயடியாக எடுத்தால் இதயம் திடீர் மாற்றத்தைத் தாங்காமல் சோர்ந்துவிடுவதும் உண்டு, ஆகவே ஒரு லீற்றர் வாக்கில் நிறுத்திவிட்டு மிச்சத்தை மெல்ல வடியவிடுவார்கள். பெருநாடி கிழிந்து இரத்தம் இறங்கியிருந்தாலோ, இரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டாலோ, சீழ் கட்டியிருந்தாலோ ஊசி சரிவராது, பெரும்பாலும் சத்திரசிகிச்சைதான். திரும்பத் திரும்ப நீர் சேர்கிறவர்களுக்கு உறையில் ஒரு சிறு திறப்பு வெட்டிவிடுவார்கள், நீர் அதற்குள்ளால் வெளியே போய் உடம்பிலேயே உறிஞ்சுபடும்.

நீர் போய்விட்டது, ஆள் எழும்பி நடக்கிறார், முடிந்ததா? இல்லை, இன்னொரு சிக்கல் பின்னால் வரலாம், அது அவசரப்படாமல் வரும். அழன்ற உறை ஆறும்போது தழும்பாகித் தடித்து, சிலருக்குச் சுண்ணாம்பும் படிந்து இறுகிவிடும். இப்போது நீரே இல்லை, ஆனாலும் உறை விரிய விடாததால் இதயம் நிரம்ப முடியாது. கழுத்து நாளம் புடைத்து, வயிற்றில் நீர் கட்டி, வயிறு ஊதி, கைகால் மெலிந்து, ஈரல் வருத்தம் என்று நினைத்து வருசக்கணக்கில் வேறெங்கோ வைத்தியம் செய்துகொண்டிருப்பார்கள். குடிக்கிற ஆள் என்றால் ஊரும் உடனே தீர்ப்பு எழுதிவிடும். எந்த உறை அழற்சியிலும் இது வரலாம் என்றாலும், வைரஸுக்குப் பிறகு மிக அரிது, கசத்துக்குப் பிறகும் சீழ் கட்டிய பிறகும்தான் கூட. கசத்தில் ஸ்டெரொயிட் சேர்த்துக் கொடுத்தால் தடுக்கலாமா என்று ஆபிரிக்க நாடுகளில் 1,400 பேரில் பார்த்து 2014இல் முடிவு வந்தது: இறப்பு, டம்பொனாட், இறுக்கம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, இறுக்கத்தை மட்டும் தனியே பார்த்தால் அது குறைந்தது, எச்.ஐ.வி உள்ளவர்களிடம் சில புற்றுநோய்கள் கூடின. அதனால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இறுகியது கழன்று வராவிட்டால் அந்த உறையை உரித்து எடுக்கிற பெரிய ஒப்பரேசன், இதயச் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டிவரும். கசமென்றால் இந்த இடத்துக்கு வராமல் இருக்க இப்போது கையில் இருக்கிற ஒரே நல்ல வழி அந்த ஆறு மாத மருந்தை விடாமல் முடிப்பது.

வைரஸால் வந்த அழற்சிக்குச் சிக்கல் வேறு, அது திரும்பி வரும். ஐபுப்ரொஃபன் போன்ற நோமாத்திரையோடு கொல்சிசினும் மூன்று மாதம் போட்டால் திரும்பி வருவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கொல்சிசின் எங்கே இருக்கிறது தெரியுமா, ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பற்றைக்காட்டு வேலிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கிலும் விதையிலும். உடனே மண்வெட்டியைத் தூக்கவேண்டாம். அந்தக் கிழங்கு கடும் நஞ்சு, தின்று செத்தவர்கள் உண்டு, மருந்தின் அளவு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் வாக்கில்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் குளிசையாகக் கொடுக்கும்போதே இன்னும் குறைத்துக் கொடுப்பார்கள், நோமாத்திரையை அவர்கள் தொடவே கூடாது.

எப்போது ஓடவேண்டும்? ஏற்கனவே உறைக்குள் நீர் என்று சொல்லப்பட்டவர், அல்லது டயலிசிஸ், கசம், புற்றுநோய் மருந்தில் இருக்கிறவர், படுக்கமுடியாமல் இருந்தபடியே மூச்சு வாங்கினால், நின்றதும் தலை சுற்றினால், கைகால் குளிர்ந்து வியர்த்தால், கதை தடுமாறினால், விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் போவதென்றாலும் ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகாதீர்கள், அவருக்குச் சுகமான மாதிரி இருக்க விடுங்கள். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்து போகிறவர்கள் நேரே யாழ்ப்பாணம் போவமா என்று யோசிப்பார்கள். கிளிநொச்சியிலிருந்தே யாழ்ப்பாணம் ஏ9இல் 65 கிலோமீற்றர் வாக்கில், உள்ளூரில் இருந்து என்றால் இன்னும் கூட. கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் முதலில் காட்டுங்கள். அங்கே ஊசி போட்டு எடுக்க வசதி இல்லாவிட்டாலும் சேலைன், ஒட்சிசன் கொடுத்து, மற்றப் பக்கத்துக்குச் சொல்லி, ஆள் கூட வர அனுப்புவார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியது கிளினிக் கொப்பி, கடைசி எக்கோ ரிப்போர்ட், போடுகிற குளிசை எல்லாம் அதன் உறையோடு. வோர்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற குளிசை இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள், ஊசி போட முன்னர் அவர்களுக்கு அது தெரிய வேண்டும். நீர் எடுத்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு அடுத்த எக்கோவுக்கு ஒரு நாள் குறித்துத் தருவார்கள், உடம்பு நல்லா இருக்கிறது என்று அதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது அருவி வெட்டோடு முட்டினால் முதலே கொப்பியைக் கொண்டுபோய் வேறு நாள் கேளுங்கள், கிட்டிய இன்னொரு நாள் பார்த்துத் தருவார்கள்.